மங்கிய படத்தை மீட்பது எப்படி? டீகன்வல்யூஷன்: முழுமையான வழிகாட்டி

ஒரு படம் தெளிவிழந்து போவதற்கு அடிப்படையில் இரண்டு காரணங்கள்தான். ஒன்று, ஒளி சென்சாருக்கு வந்து சேர்ந்தது, ஆனால் தான் விழ வேண்டிய பிக்சலில் விழாமல் அக்கம்பக்கத்துப் பிக்சல்களில் சிதறிவிட்டது. இன்னொன்று, ஒளி வரவே இல்லை, அல்லது வந்தும் பதிவாகவில்லை. ஃபோகஸ் தவறுவது, கை நடுங்குவது, லென்ஸின் குறை, காற்றின் கொந்தளிப்பு இவையெல்லாம் முதல் வகை. இருட்டில் மூழ்கிய பகுதி, வெளுத்துப்போன வானம், ஜேபெக் சுருக்கத்தில் கழித்துக் கட்டப்பட்ட நுணுக்கங்கள் இரண்டாம் வகை.

டீகன்வல்யூஷன் முதல் வகைக்கான வழி. சிதறிய ஒளியைக் கணக்குப் போட்டுப் பழைய இடத்தில் சேர்க்கிறது. இரண்டாம் வகைக்கு அதனால் எதுவும் செய்ய முடியாது. இந்த வேறுபாடு மனதில் இருந்தால் பாதி ஏமாற்றம் தவிர்ந்துவிடும்.

எந்த அல்காரிதம் சிறந்தது என்றுதான் பெரும்பாலோர் தேடுகிறார்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய இரண்டு அளவீடுகளே முடிவைத் தீர்மானிக்கின்றன என்பது என் உறுதியான கருத்து: மங்கல் எந்த வடிவில் இருக்கிறது, இரைச்சல் (பிக்சல் மதிப்புகளில் தாறுமாறாகச் சேரும் ஏற்ற இறக்கம்) எவ்வளவு இருக்கிறது. இவை இரண்டும் சரியாகத் தெரிந்தால் 50 ஆண்டுப் பழைய முறையே நல்ல பலன் தரும். தெரியாவிட்டால் எவ்வளவு புதிய மென்பொருளும் உதவாது. அதனால் இந்த வழிகாட்டியில் அளவீடுகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கணக்கு என்ன சொல்கிறது

உண்மைக் காட்சியில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் படத்தில் ஒரு சிறு திட்டாகப் பரவுகிறது. அந்தத் திட்டின் வடிவத்துக்குப் புள்ளிப் பரவல் என்று பெயர். கோடிக்கணக்கான புள்ளிகளின் திட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கூடுவதுதான் கன்வல்யூஷன். அதோடு இரைச்சல் சேர்கிறது. ஆக, பதிவான படம் என்பது உண்மைக் காட்சியைப் புள்ளிப் பரவலோடு கன்வல்யூஷன் செய்து, இரைச்சலைக் கூட்டியது.

படத்தை அலைகளாக, அதாவது அதிர்வெண்களாகப் பிரித்துக் காட்டும் ஃபூரியே உருமாற்றத்துக்குப் போனால் இது எளிதாகிறது. அங்கே கன்வல்யூஷன் வெறும் பெருக்கல். பெருக்கியதை வகுத்தால் மூலம் கிடைத்துவிட வேண்டுமே என்று தோன்றும். இரைச்சல் இல்லாத உலகில் அப்படித்தான். ஆனால் மங்கல், நுண்விவரங்களைத் தாங்கும் உயர் அதிர்வெண்களை மிகவும் குறைத்துவிடுகிறது. ஓர் அதிர்வெண் 0.01 மடங்காகக் குறைந்திருந்தால், மீட்க அதை 100 ஆல் பெருக்க வேண்டும். மங்கலுக்குப் பிறகு சேர்ந்த இரைச்சலும் அதே 100 மடங்கு பெருகும். நேரடி வகுத்தலை ஒருமுறை செய்து பாருங்கள், திரை முழுக்க இரைச்சல் மட்டுமே தெரியும். இதுவரை உருவான எல்லா முறைகளும் இந்தப் பெருக்கத்தை எப்படி அடக்குவது என்ற ஒரே கேள்விக்கான பதில்கள்தான்.

படி 1: தொடாத கோப்பிலிருந்து தொடங்குங்கள்

மேலே சொன்ன கணக்கு ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: பிக்சலின் மதிப்பு அங்கே விழுந்த ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருக்க வேண்டும். சென்சாரின் பதிவை அப்படியே சேமிக்கும் ரா கோப்பில் அப்படி இருக்கும். ஜேபெக்கில் இருக்காது, ஏனெனில் அதில் காமா வளைவு (திரைக்கு ஏற்ப ஒளி மதிப்புகளை மாற்றும் கணக்கு) ஏற்றப்பட்டிருக்கிறது. கான்ட்ராஸ்ட் கூட்டல், ஷார்ப்பனிங், இரைச்சல் நீக்கம் எல்லாம் கேமராவுக்குள்ளேயே நடந்து முடிந்திருக்கும்.

ரா கோப்பு இருந்தால் அதைத் திறந்து, வேறு எதையும் செய்யாமல், நேர்விகித நிலையிலேயே 32 பிட் மிதவைப் புள்ளி எண்களாக மாற்றிக்கொள்ளுங்கள். ஜேபெக் மட்டுமே கையில் இருந்தால் அதில் வழக்கமாக உள்ள எஸ்ஆர்ஜிபி என்ற காமா வளைவையாவது திருப்பிவிடுங்கள். மதிப்பை 0 முதல் 1 வரை அமைத்து, 0.04045-க்கு மேற்பட்டதற்கு 0.055 கூட்டி, 1.055 ஆல் வகுத்து, 2.4 அடுக்குக்கு உயர்த்த வேண்டும். அதற்குக் கீழ்ப்பட்டதை 12.92 ஆல் வகுத்தால் போதும். வேலை முடிந்தபின் மறுபடி வளைவை ஏற்றிக்கொள்ளலாம். இதைச் செய்யாவிட்டால் பிரகாசமான பொருள்களைச் சுற்றிக் கருப்பு வளையங்கள் வரும், அதற்கு அல்காரிதத்தைப் பழி சொல்லிக்கொண்டிருப்போம். இருந்தாலும் ஜேபெக் படத்தைப் பிரித்துச் சுருக்கும் 8×8 பிக்சல் கட்டங்கள் போகாது. டீகன்வல்யூஷன் அந்தக் கட்டங்களின் ஓரங்களையும் விவரம் என்று நினைத்துத் தூக்கிக் காட்டும்.

ஒரே காட்சியின் பல ஃப்ரேம்கள் இருந்தால், அவற்றைச் சீரமைத்துச் சராசரி எடுங்கள். 16 ஃப்ரேம்களின் சராசரியில் இரைச்சல் நான்கில் ஒரு பங்காகிறது. பின்னால் வரும் எந்தத் தந்திரத்தையும்விட இது பெரிய லாபம்.

படி 2: புள்ளிப் பரவலைக் கண்டுபிடியுங்கள்

அவசரப்படக் கூடாத படி இது.

படத்திலேயே ஒரு புள்ளி ஒளி இருந்தால் வேலை சுலபம். வானியல் படங்களில் நட்சத்திரங்கள் அப்படிப்பட்டவை. தனியாக நிற்கிற, வெளுத்துப்போகாத, போதிய பிரகாசமுள்ள நட்சத்திரங்கள் பலவற்றை எடுத்து, மையத்தை ஒன்றோடொன்று பொருத்திச் சராசரி செய்தால் அதுவே புள்ளிப் பரவல். நுண்ணோக்கிப் படங்களுக்கு இதே வேலையை, பிரிதிறனைவிடச் சிறிய ஒளிரும் மணிகள் செய்கின்றன. 100 நானோமீட்டர் அளவுள்ளவை வழக்கமாகப் பயன்படுகின்றன. இரவுக் காட்சியில் தொலைதூர விளக்கு ஒன்று கைநடுக்கத்தால் புழுப்போல நெளிந்து பதிவாகியிருந்தால், அந்த நெளிவுதான் கேமரா அசைந்த பாதை. அதை வெட்டி எடுத்து, பின்னணியைக் கழித்துப் பயன்படுத்தலாம்.

புள்ளி இல்லாவிட்டால் ஓரம் போதும். கருப்பும் வெள்ளையும் சந்திக்கிற நேரான ஓரம் ஒன்றைத் தேடுங்கள். பிக்சல் வரிசைக்குச் சில டிகிரி சாய்ந்திருந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் ஒவ்வொரு வரியிலும் ஓரம் பிக்சலின் வேறொரு பின்னத்தில் வெட்டுகிறது. அவற்றைச் சேர்த்தால் பிக்சலைவிட நுண்ணிய அளவீடு கிடைக்கிறது. ஐஎஸ்ஓ 12233 தரநிலையின் சாய்ந்த ஓர முறை இதையே செய்கிறது. ஓரத்தின் குறுக்கே ஒளி ஏறும் வளைவின் வகைக்கெழுவை எடுத்தால் அந்தத் திசையில் பரவலின் குறுக்குவெட்டு வந்துவிடும்.

இரண்டும் இல்லையென்றால் படத்தின் ஃபூரியே நிறமாலையைப் பாருங்கள். மடக்கை அளவில் திரையில் காட்டினால், மங்கல் தன் கையெழுத்தை அங்கே விட்டுச் சென்றிருக்கும். நேர்கோட்டு அசைவு என்றால் சம இடைவெளியில் கருப்புப் பட்டைகள் தெரியும். பட்டைகள் அசைவின் திசைக்குச் செங்குத்தாக நிற்கும். 1000 பிக்சல் அகலப் படத்தில் பட்டைகளுக்கு இடையே 50 பிக்சல் இருந்தால், அசைவின் நீளம் 1000 வகுத்தல் 50, அதாவது 20 பிக்சல். ஃபோகஸ் தவறிய மங்கல் என்றால் பரவல் ஏறக்குறைய சீரான வட்டு, நிறமாலையில் கருப்பு வளையங்கள் வரும். முதல் வளையத்தின் ஆரத்தை அளந்து, படத்தின் அகலத்தை 0.61 ஆல் பெருக்கி அந்த ஆரத்தால் வகுத்தால் வட்டின் ஆரம். 1000 பிக்சல் சதுரப் படத்தில் வளையம் 61-இல் விழுந்தால் வட்டின் ஆரம் 10 பிக்சல்.

அந்தக் கருப்புப் பட்டைகளுக்கு இன்னொரு பொருளும் உண்டு. அந்த அதிர்வெண்கள் பூச்சியத்தால் பெருக்கப்பட்டுவிட்டன. எந்தக் கணக்கும் அவற்றை அந்தப் படத்திலிருந்து திரும்பக் கொண்டுவராது.

கோட்பாட்டிலிருந்தும் பரவலைக் கட்டலாம். குறையில்லாத லென்ஸிலும், துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவால், ஏரி (Airy) வட்டு என்ற திட்டு உருவாகும். அதன் விட்டம் 2.44 பெருக்கல் அலைநீளம் பெருக்கல் எஃப் எண். எஃப்/8-இல், 550 நானோமீட்டர் பச்சை ஒளிக்கு அது சுமார் 10.7 மைக்ரான். பிக்சல் 4 மைக்ரான் என்றால் வட்டு இரண்டரைப் பிக்சலுக்கு மேல் பரவுகிறது. ஆனால் அளக்க வழி இருக்கும்போது கோட்பாட்டை நம்ப வேண்டாம். நிஜ லென்ஸ்கள் கோட்பாட்டுக்குக் கட்டுப்படுவதில்லை.

எப்படிக் கிடைத்தாலும் பரவலை மென்பொருளுக்குக் கொடுக்குமுன் அதன் கூட்டுத்தொகை 1 ஆகும்படி வகுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் படம் இருண்டோ வெளுத்தோ வரும். பக்க அளவு ஒற்றைப்படையாகவும் மையம் நடுப் பிக்சலிலும் இருக்கட்டும், இல்லாவிட்டால் படம் நகர்ந்துவிடும். பின்னணியின் எச்சம் ஓரங்களில் ஒட்டியிருக்கக் கூடாது. அகலத்தில் சந்தேகம் வந்தால் குறுகியதையே தேர்ந்தெடுங்கள். குறுகிய பரவல் கொஞ்சம் மங்கலை மிச்சம் வைக்கும், அவ்வளவுதான். அகன்ற பரவல் இல்லாத வளையங்களையும் இரட்டைக் கோடுகளையும் உருவாக்கும்.

மூலைகளில் மங்கல் வேறு மாதிரி இருக்கிறதா என்று பார்க்க மறக்க வேண்டாம். இருந்தால் படத்தை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதனதன் பரவலைக் கொடுத்து, இறுதியில் படிப்படியாகக் கலந்து ஒட்ட வேண்டும்.

படி 3: இரைச்சலை அளவிடுங்கள்

ஒரே காட்சியை, ஒரே அமைப்பில் இரண்டு முறை எடுத்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். காட்சி மறைந்து இரைச்சல் மட்டும் மிஞ்சும். அதன் திட்ட விலக்கத்தை 2-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் ஒரு படத்தின் இரைச்சல். ஒரே படம்தான் உண்டு என்றால் எந்த அமைப்பும் இல்லாத சமதளப் பகுதி ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் திட்ட விலக்கம் பார்க்கலாம்.

ஒளித்துகள்களின் இரைச்சல் எண்ணிக்கையின் வர்க்கமூலம். 100 ஒளித்துகள் விழுந்த பிக்சலில் ஏற்ற இறக்கம் 10, அதாவது 10 சதவீதம். 10,000 விழுந்த இடத்தில் 100, வெறும் 1 சதவீதம். ஒரே படத்தில் பிரகாசமான பகுதியை நன்றாக மீட்க முடிவதற்கும் நிழல் பகுதி மணல் மணலாக உதிர்வதற்கும் இதுவே காரணம்.

படி 4: முதலில் வீனர்

நார்பர்ட் வீனர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வகுத்த வடிப்பான் இன்றும் நல்ல தொடக்கம். சில ஃபூரியே உருமாற்றங்களில் முடிந்துவிடும், முடிவு உடனே தெரியும். பரவல் சரியா என்று சோதிக்க இதைவிட வேகமான வழி இல்லை.

நேரடி வகுத்தலின் மேலும் கீழும் மங்கலின் மடங்கால் பெருக்கி, கீழ்ப்பகுதியில் ஒரு சிறு எண்ணைக் கூட்டுவதுதான் அதன் உத்தி. அந்த எண் இரைச்சலுக்கும் சிக்னலுக்கும் உள்ள ஆற்றல் விகிதம். அது 0.01 என்று வையுங்கள். மங்கல் 0.8 மடங்காக மட்டுமே குறைத்த அதிர்வெண்ணை நேரடி வகுத்தல் 1.25 மடங்கு உயர்த்தும், வீனர் 1.23 மடங்கு, ஏறத்தாழ ஒன்றுதான். 0.01 மடங்காகக் குறைந்த அதிர்வெண்ணை நேரடி வகுத்தல் 100 மடங்கு உயர்த்தும், வீனரோ 0.99 மடங்கோடு நிறுத்திக்கொள்ளும். நம்பத்தக்கதை மீட்கிறது, நம்ப முடியாததைத் தொடாமல் விடுகிறது.

பைத்தான் மொழிக்கான சைக்கிட்-இமேஜ் நூலகத்தில் இதை ஒத்த எண் 'பேலன்ஸ்' என்ற பெயரில் இருக்கிறது, மேட்லாப் மென்பொருளில் 'deconvwnr' செயல்பாட்டுக்கு இந்த விகிதத்தையே கொடுக்கலாம். 0.1, 0.01, 0.001 என்று பத்து மடங்கு இடைவெளியில் மூன்று முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றிலுமே இரட்டைக் கோடுகள் தெரிந்தால் பரவல் தவறு. படி 2-க்குத் திரும்புங்கள்.

படி 5: ரிச்சர்ட்சன்-லூசி

1972-இல் வில்லியம் ரிச்சர்ட்சனும் 1974-இல் லியான் லூசியும் தனித்தனியே வெளியிட்ட முறை இது. ஒளித்துகள் இரைச்சலின் இயல்புக்கு ஏற்ப அமைந்தது, எதிர்மறை மதிப்பு தராது, மொத்த ஒளியையும் காக்கும். செய்வது இதுதான்: ஒரு யூகத்தை எடு, அதை மங்கலாக்கு, பதிவான படத்தை அதனால் வகு, அந்த விகிதத்தைப் புரட்டிய பரவலால் பரப்பு, யூகத்தோடு பெருக்கு. திரும்பச் செய்.

கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தால் பயம் போய்விடும். ஐந்து பிக்சல், நடுவில் 100 அளவு ஒளி. பரவல் கால், அரை, கால். பதிவானது 0, 25, 50, 25, 0. இரு முனைகளும் வட்டமாக இணைந்திருப்பதாகக் கொள்வோம். தொடக்க யூகம் எல்லா இடத்திலும் 20. அதை மங்கலாக்கினாலும் 20-தான். விகிதங்கள் 0, 1.25, 2.5, 1.25, 0. அவற்றைப் பரப்பினால் நடுவில் 1.875, இருபுறமும் 1.25, முனைகளில் 0.3125. யூகத்தோடு பெருக்க 6.25, 25, 37.5, 25, 6.25 ஆகிறது. இதே வேலையை இன்னொரு முறை செய்தால் 1.67, 23.33, 50, 23.33, 1.67. இரண்டே சுற்றில் நடுப் பிக்சல் 20-லிருந்து 50-க்கு ஏறிவிட்டது, முனைகள் காலியாகின்றன, கூட்டுத்தொகை இரண்டு முறையும் 100.

சுற்றுகள் எத்தனை? இங்கேதான் கை நடுங்க வேண்டும். முதலில் பெரிய வடிவங்கள் கூர்மையாகும், பிறகு நுண்விவரம், அதற்கும் பிறகு இரைச்சல். சுற்றுகளைக் கூட்டிக்கொண்டே போனால் சமதளங்கள் புள்ளி புள்ளியாக உடையும், நட்சத்திரமல்லாதது நட்சத்திரமாகும். சாதாரண இரைச்சலுள்ள ஒளிப்படத்துக்கு 10 முதல் 30 சுற்றுக்குள் நின்றுவிடுவதை நான் பரிந்துரைப்பேன். நிறைய ஃப்ரேம்களைச் சேர்த்த வானியல் படம் 50-ஐத் தாண்டியும் தாங்கும். ஒவ்வொரு ஐந்து சுற்றுக்கும் ஒரு படத்தைச் சேமித்து ஒப்பிடுங்கள்.

சைக்கிட்-இமேஜில் இதைப் பயன்படுத்துவோருக்கு இரண்டு எச்சரிக்கைகள். இயல்பு அமைப்பில் அது முடிவை 1-க்கு மேல் வெட்டிவிடும், ஆகவே படத்தை முன்பே 0 முதல் 1 வரை அமையுங்கள் அல்லது 'கிளிப்' அமைப்பை அணையுங்கள். படத்துக்கு வெளியே எல்லாம் பூச்சியம் என்று அது எடுத்துக்கொள்வதால் ஓரங்கள் கெடும். பரவலின் அகலத்துக்குக் குறையாமல் படத்தின் ஓரங்களைக் கண்ணாடிப் பிம்பமாக நீட்டி, முடிந்தபின் வெட்டிவிட வேண்டும்.

நிரல் எழுத விரும்பாதவர்கள் கவலைப்பட வேண்டாம். ரா கோப்புகளைத் திறக்கும் ராதெரபி (RawTherapee) மென்பொருளின் 'கேப்சர் ஷார்ப்பனிங்' இதே முறையை ரா தரவின் மேல் செய்கிறது. வானியலுக்கு சிரில், நுண்ணோக்கிக்கு இமேஜ்ஜே-யோடு சேரும் டீகன்வல்யூஷன்லேப்2, இரண்டும் இலவசம்.

இந்த முறையின் வலிமையையும் எல்லையையும் ஹப்பிள் தொலைநோக்கி காட்டியது. 1990-இல் ஏவப்பட்டபின், அதன் 2.4 மீட்டர் முதன்மைக் கண்ணாடியின் விளிம்பு சுமார் 2.2 மைக்ரான் கூடுதலாகத் தட்டையாகிவிட்டது தெரியவந்தது. பிழையின் வடிவம் துல்லியமாகத் தெரிந்ததால் பரவலைக் கணக்கிட முடிந்தது, பிரகாசமான பொருள்களின் படங்கள் டீகன்வல்யூஷனால் நன்றாகத் தெளிந்தன. மங்கலான பொருள்களுக்கு அது போதவில்லை. இரைச்சலுக்குள் கரைந்த ஒளியை எந்தக் கணக்கும் பிரித்தெடுக்காது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்த ஒளியியலைப் பொருத்திய பிறகுதான் முழுத் திறன் கிடைத்தது.

இரைச்சல் அடங்கவில்லை என்றால்

ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கட்டுப்பாட்டைச் சேர்க்கலாம். மிகவும் பயன்படுவது மொத்த மாறுபாட்டுக் கட்டுப்பாடு. ருடின், ஓஷர், ஃபடேமி 1992-இல் இரைச்சல் நீக்கத்துக்குக் கொண்டுவந்தது. அக்கம்பக்கப் பிக்சல்களின் வேறுபாடுகளின் மொத்தத்தைக் குறைக்கச் சொல்லும்; கூர்மையான ஓரத்தை அனுமதிக்கும், சிறுசிறு நடுக்கத்தை அழுத்தும். கட்டிடம், எழுத்து, செல் சுவர் போன்றவற்றுக்கு அருமை. தோல், புல், நெபுலா போன்ற மென்மையான மாற்றங்களை இது மெழுகுப் பூச்சாக்கிவிடும். அங்கே கட்டுப்பாட்டின் வலிமையைக் குறைத்து, சுற்றுகளையும் குறைத்துக்கொள்வதே நல்லது.

வெளுத்துப்போன பிக்சல்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அவற்றில் உண்மை மதிப்பு இல்லை என்பதால் சுற்றிலும் வளையங்கள் கிளம்பும். அவற்றை முகமூடியிட்டுக் கணக்கிலிருந்து விலக்குங்கள். அந்த வசதி இல்லாத மென்பொருளில், முடிவின் அந்தப் பகுதியில் மூலப்படத்தையே மென்மையாகக் கலந்துவிடலாம். வண்ணப் படத்துக்குப் பெரும்பாலும் ஒளிர்வுத் தளத்தில் (நிறத்தைப் பிரித்தபின் மிஞ்சும் வெளிச்ச மதிப்புகளில்) மட்டும் வேலை செய்தால் போதும்.

பரவலே தெரியாதபோது

படத்தையும் பரவலையும் சேர்த்தே தேடுவது குருட்டு டீகன்வல்யூஷன். தெரியாதவை தெரிந்தவற்றைவிட அதிகம் என்பதால் விடைகள் பல. மங்கலே இல்லை, மங்கிய படம்தான் உண்மை என்பதும் அவற்றில் ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் 'மிக இயல்பான' விடையாகத் தேடினால் கணக்கு பெரும்பாலும் அந்தப் பயனற்ற விடைக்கே போய் விழுகிறது என்று அனத் லெவினும் உடன் ஆய்வாளர்களும் 2009-இல் காட்டினார்கள். முதலில் பரவலை மட்டும் மதிப்பிட்டு, பிறகு அதை வைத்துச் சாதாரண டீகன்வல்யூஷன் செய்வதே அவர்கள் முன்வைத்த பாதை. நடைமுறையிலும் அதைப் பின்பற்றுங்கள்: ஓரங்கள் பல திசைகளில் நிறைந்த சிறு பகுதியைக் கொடுத்துப் பரவலை வாங்கி, அதைப் படமாகத் திறந்து பாருங்கள். கைநடுக்கம் என்றால் மெல்லிய தொடர்கோடாக இருக்க வேண்டும். சிதறிய புள்ளிக் கூட்டமாக இருந்தால் நிராகரியுங்கள்.

நரம்பு வலை (செயற்கை நுண்ணறிவு) மென்பொருள்கள் இந்தச் சிக்கலைத் தாண்டிக் கண்ணைப் பறிக்கும் முடிவு தருகின்றன. அவை கூட்டும் விவரத்தில் ஒரு பகுதி பயிற்சிப் படங்களிலிருந்து வருகிறது, உங்கள் படத்திலிருந்து அல்ல. குடும்பப் படத்தை அழகாக்க அதில் தவறில்லை. வாகன எண்ணைப் படிக்கவோ, செல்லுக்குள் ஓர் அமைப்பு இருக்கிறதா என்று முடிவு செய்யவோ, நட்சத்திரத்தின் ஒளியை அளக்கவோ அவற்றைப் பயன்படுத்தவே கூடாது என்பேன். அங்கே பொய்யான கூர்மை ஒருவரைச் சிக்கவைக்கும் அளவுக்கு ஆபத்தானது.

படி 6: எச்சத்தைப் பாருங்கள்

முடிவு அழகாக இருப்பது சான்றாகாது. மீட்ட படத்தை அதே பரவலால் மறுபடி மங்கலாக்கி, பதிவான படத்திலிருந்து கழியுங்கள். மிஞ்சுவதை ஒவ்வொரு பிக்சலிலும் படி 3-இல் அளந்த இரைச்சலால் வகுங்கள்.

சரியாக நடந்திருந்தால் எச்சம் எந்த வடிவமும் இல்லாத வெறும் மணலாக இருக்கும், அதன் திட்ட விலக்கம் 1-ஐ ஒட்டி நிற்கும். காட்சியின் ஓரங்கள் எச்சத்தில் கோட்டோவியமாகத் தெரிந்தால் பரவல் பொருந்தவில்லை அல்லது சுற்றுகள் போதவில்லை. ஐந்து சுற்று கூட்டியும் அந்தக் கோடுகள் மறையவில்லை என்றால் பரவல்தான் குற்றவாளி. திட்ட விலக்கம் 1-ஐவிட நன்றாகக் கீழே போயிருந்தால் இரைச்சலையும் விவரமாக எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். சேமித்து வைத்த முந்தைய சுற்றுகளில் 1-ஐ ஒட்டியிருப்பதற்குத் திரும்புங்கள்.

புதிதாகத் தோன்றிய ஒரு விவரத்தை நம்பலாமா என்று அறிய, ஃப்ரேம்களை இரண்டு பாதியாகப் பிரித்துத் தனித்தனியே மீட்டுப் பாருங்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் அது இருந்தால் இரைச்சல் அல்ல. ஆனால் தவறான பரவல் உருவாக்கும் வளையங்கள் இரண்டிலும் வரும் என்பதால், அதன் வடிவம் பரவலின் வடிவத்தை ஒத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகே காமா வளைவு, வண்ணத் திருத்தம், அளவு மாற்றம். கோப்பைச் சேமிக்கும்போது, பயன்படுத்திய பரவலின் கோப்பையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் கட்டுப்பாட்டின் மதிப்பையும் மூலக் கோப்போடு அதே அடைவில் வையுங்கள். அவை இருந்தால்தான் வேறொருவர் அதே முடிவைத் திரும்பப் பெற்றுச் சரிபார்க்க முடியும்.